டின்னின் அடியில் எழுதுகிறவர்

காலை ஐந்து மணி இருபது. நான் முதலில் பார்த்தது ஒரு வண்டியின் முன்கண்ணாடியை. பக்கத்து வீட்டு வரவேற்பறையில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில், பூப்போட்ட போர்வை போர்த்திக்கொண்டு நிமிர்ந்து நின்றது. போர்வை ஒரு மூலையில் விலகியிருந்ததால்தான் கண்ணாடி என்று தெரிந்தது. அடியில் முட்டுக்கொடுக்க இரண்டு பழைய தலையணைகள்.

மலேசியாவில், கிள்ளானில், மேருவுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் வரிசை வீடுகளில் ஒன்றுக்கு முந்தின நாள்தான் குடிவந்திருந்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்ததால் கேட்கலாம் என்று கம்பிக் கதவுக்கு வெளியே நின்றேன். ஈரத் தலையில் துண்டும் கையில் வண்டிச் சாவியுமாக ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தார்.

"படுக்கப் போட்டா மேல எதையாச்சும் வைப்பாங்க தம்பி. விரிசல் விட்டுரும். கண்ணாடிய எப்பவும் நிக்க வச்சுத்தான் வைக்கணும்" என்றார்.

நான் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? மீட்டர் பக்கத்துல வால்வு இருக்கும், திருப்பி விடுங்க. மறக்காம முழுசா திருப்புங்க. பாதியில விட்டா வாஷர் போயிரும். வாஷர் வேணும்னா நம்மகிட்ட இருக்கு லா."

அவர் பள்ளி வேன் ஓட்டினார். மஞ்சள் வேன், பதின்மூன்று பிள்ளைகள். தெரு முழுவதும் அவரை வேன் அக்கா என்றுதான் கூப்பிட்டது. நான்கு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தேன். தவறுதலாக எங்கள் பெட்டிக்கு வந்த கடிதங்களில் அவர் பெயரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வேனுக்கு வயதாகிவிட்டது. அந்த மாடலின் உதிரிபாகங்கள் கடைகளில் குறைந்துகொண்டே வந்தன. எந்தக் கடை மூடப் போகிறது என்று தெரிந்தாலும் அக்கா அங்கே போய், அட்டைப்பெட்டி பிரியாத சாமானாகப் பார்த்து வாங்கி வருவார். வாங்குவது பெரிய விஷயமில்லை, யாரும் வாங்கலாம். அதை வீட்டில் வைக்கும் விதத்தில்தான் அவர் யார் என்று தெரிந்தது.

அந்தக் கண்ணாடியைத் தவிர, முழங்காலுக்குக் கீழே எதுவும் இருக்காது. "கிள்ளான்ல தண்ணி எப்ப ஏறும்னு தண்ணிக்கே தெரியாது" என்பார். ரப்பர் பெல்ட்டுகளை ஆணியில் தொங்கவிட மாட்டார். முகப்பவுடர் தூவி, வட்டமாகவே, இருட்டான அலமாரியில் படுக்க வைப்பார். ஃபிரிட்ஜ் இருக்கும் சுவரோரம் ரப்பர் போகக்கூடாது, மோட்டார் பக்கத்தில் இருந்தால் வெடிப்பு விழும். பிரேக் கட்டைகள் ஓர் அறையில், கிரீஸ் டப்பா வேறு அறையில். ஹெட்லைட் பல்புகளைக் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்து எடுப்பார். திறந்த பிரேக் எண்ணெயை மறுநாளைக்கு என்று எடுத்து வைத்ததே இல்லை. பெட்ரோல் ஒரு சொட்டும் வீட்டுக்குள் வராது. பேட்டரியும் வாங்கி வைக்க மாட்டார். "பேட்டரி பால் மாதிரி தம்பி. வேணும்ங்கிற அன்னைக்குத்தான் வாங்கணும்."

ஒருமுறை ஒரு பேரிங்கின் எண்ணெய்த்தாளை, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் விரலால் நெம்பினேன். பட்டென்று கையில் ஒரு அடி விழுந்தது.

"போடற அன்னைக்குத்தான் அது வெளிச்சம் பாக்கணும். ஆசைக்குப் பிரிச்சுப் பாக்கறதுக்கு இது என்ன கல்யாணப் பரிசா?"

அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரம் குறைவு, குரல் அதிகம். மனைவியை "ஸ்டோர்கீப்பர்" என்றுதான் கூப்பிடுவார். என்னைப் பார்த்தால் புகார் சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

"இங்க வாங்க தம்பி. இது எங்கம்மா எங்க கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்த பீரோ. திறந்து பாருங்க. என் சட்ட மூணு. மத்ததெல்லாம் வேனோட சட்ட."

"ஏங்க, உங்க சட்ட கிழிஞ்சா கடையில கிடைக்கும். இது கிடைக்குமா?" என்பார் அக்கா சமையலறையிலிருந்து.

"போன மாசம் என் தம்பி வந்து தங்குனான். ராத்திரி முழுக்க தலைக்கு மேல, விட்டத்துல கட்டித் தொங்கவிட்ட பம்பர். ஒரு பக்கமாவே படுத்திருந்துட்டு விடிஞ்சதும் கழுத்து திரும்பலன்னு போய்ட்டான்."

"பம்பர் விழுந்துச்சா?"

"விழல."

"அப்பறம் என்ன?"

கட்டியதை அக்கா அவிழ்த்துக் காட்டச் சொல்வார். அவிழ்க்க வராது. எல்லாம் இரட்டைக் கட்டு.

கண்டதையும் சேர்த்து வைக்கும் வீடு என்று அதைச் சொல்ல முடியாது. வேனிலிருந்து கழற்றிய பழையது எதுவும் உள்ளே வந்ததில்லை. "ஒடஞ்சத வச்சா அது குப்ப தம்பி" என்பார். தெருவில் யாராவது சாமான் கேட்டு வந்தால் முதலில் அவர்கள் வண்டியிலிருந்து கழற்றியதைக் கொண்டுவரச் சொல்வார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பாதிப் பேரிடம், "இது நல்லாத்தான் இருக்கு, தொடச்சுப் போட்டு ஓட்டுங்க" என்று திருப்பி அனுப்பினார். மீதிப் பேருக்குக் கொடுத்தார்.

ஏன் இப்படி என்று நான் ஒருமுறைதான் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ரொம்ப வருசம் முன்னாடி, மேரு ரோட்டுல, கொட்டுற மழையில ஒம்பது பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னேன். போனது இவ்வளவு பெருசு சாமான்" என்று கட்டைவிரலைக் காட்டினார். கீரைக்குத் திரும்பிவிட்டார்.

சிறிய சாமான்கள் எல்லாம் சதுர பிஸ்கட் டின்களில் இருந்தன. உள்ளே, மாத்திரை பாட்டில்களிலும் சப்பாத்துக் காலணிப் பெட்டிகளிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள். தெருவே அவருக்காக அவற்றைச் சேர்த்துக் கொடுத்தது. மூடியைச் சுற்றி ஒட்டுநாடா. என்ன சாமான், எப்போது வாங்கியது என்பதை டின்னின் அடியில் எழுதுவார். மேலே எழுத மாட்டார். காரணமும் இருந்தது. ஒரே மாதிரி டின்களில் மூடிகள் மாறிப்போகும், அடி மாறாது. ஆகையால் அந்த வீட்டில் எந்த டின்னைத் தொட்டாலும் முதலில் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். வீட்டுக்காரர் மட்டும் கவிழ்க்க மாட்டார். முறுக்கைக் கவிழ்த்தால் உடையும் என்பது அவர் வாதம்.

ஏனென்றால் அவர் முறுக்கு சுடுகிறவர். தீபாவளிக்குப் பன்னிரண்டு டின் முறுக்கும் ஒரு டின் நெய் உருண்டையும் செய்வார். நமத்துப் போகாமல் இருக்க அதே சதுர டின்களும் அதே ஒட்டுநாடாவும். அந்த ஒரு விஷயத்தில் மனைவியிடம் பாடம் கேட்டதை ஒப்புக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆயுத பூஜையன்று அக்கா வேனுக்குப் பொட்டு வைத்த கையோடு வீட்டுக்குள் வந்து சாமான்களுக்கும் வைப்பார். அலமாரி அலமாரியாகப் போவார். முக்கியமான சாமான்களை மஞ்சள் துணியில் சுற்றி, மஞ்சள் நூல் கட்டி வைத்திருப்பார். அந்தத் துணியின்மேல் சந்தனமும் குங்குமமும் ஏறும். "இன்னைக்கு ஓடறதுக்கு மட்டும் வச்சாப் போதுமா? நாளைக்கு அதுக்குள்ள போய் உக்காரப்போறது இதுதானே" என்பார். பீரோவுக்குள் ஊதுவத்தி காட்டுவதைப் பார்த்து வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு சிரிப்பார்.

நான் அங்கிருந்த மூன்றாவது வருடம், தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, வீட்டுக்காரர் அலமாரிகளைத் துடைத்தார். அக்கா வேனில் போயிருந்தார். எல்லா டின்களும் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. துடைத்து முடித்து, சாமான் டின்களை அலமாரிக்கும் பலகார டின்களை வாசலுக்கும் பிரித்தார். அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது என் கையில் ஒரு டின்னைக் கொடுத்தார்.

"இது உங்க ஆபீஸ் பெரியவருக்கு. நெய் உருண்ட. தூக்கிப் பாருங்க, நெய் எவ்வளவுன்னு தெரியும்."

கனமாகத்தான் இருந்தது. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் வரை போனேன். எங்கள் பத்திரிகையின் ஆசிரியர் மேசையில் வைத்தேன். அவருக்குச் சர்க்கரை நோய். டின்னைத் திறக்காமலே அன்று மாலை செராஸில் இருக்கும் மாமியாருக்கு அனுப்பிவிட்டார். நம் ஊரில் தீபாவளி டின்கள் அப்படித்தான் கைமாறும். திறக்கிறவர் மூன்றாவது ஆளாக இருப்பார்.

தீபாவளி சனிக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை பள்ளி திறப்பு. வியாழக்கிழமை வேனுக்கு வாகனப் பரிசோதனை. அதில் தேறினால்தான் பர்மிட் நீடிக்கும். திங்கட்கிழமை காலை அக்கா வழக்கம்போல வேனை எடுத்துத் தெருவில் ஒரு சுற்று வந்தார். வாசலில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார். மிதி மெதுவாக, தடையில்லாமல், தரை வரை போனது. மேருவில் பட்டறை வைத்திருந்த போமன், அதாவது மெக்கானிக், வந்து வேனுக்கடியில் படுத்துப் பார்த்தார்.

"மாஸ்டர் பம்ப் போச்சுக்கா. கிள்ளான்ல எந்தக் கடையிலயும் இல்ல. ஆர்டர் போட்டா ரெண்டு வாரம். மெதுவா ஓட்டுறதுன்னா ஓட்டலாம்..."

"பிள்ளைங்கள வச்சுக்கிட்டா? ஒரு நாளும் ஓட்டமாட்டேன். நம்மகிட்டதான் இருக்கே" என்றார் அக்கா சிரித்துக்கொண்டே. அதை வாங்கி வைத்து ஒன்பது வருடமாக இந்த நாளுக்குக் காத்திருந்தவர் போல உள்ளே போனார்.

அலமாரியில் அந்த டின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டின் இருந்தது. எடுத்தார். கவிழ்த்தார். அடியில் எழுத்து இல்லை. ஒட்டுநாடாவைப் பிய்த்து மூடியைத் திறந்தார். நெய் உருண்டை. வரிசை குலையாமல் இருபத்தைந்து.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தக் குரல் அடங்கி நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

"கனமா இருந்துச்சு. நெய் நல்லா விழுந்திருக்குன்னு நெனச்சு தம்பிகிட்ட குடுத்துட்டேன்."

அக்கா கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "வேன் ஒரு வாரம் நின்னா பிள்ளைங்க அடுத்த வேனுக்குப் போயிருவாங்க. போறது தப்பில்ல, ஸ்கூலுக்குப் போகணும்ல. பர்மிட்டும் போச்சுன்னா நான் எதை ஓட்டறது?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, யார் கையில இருக்கு?"

ஆசிரியருக்குப் போன் செய்தேன். அவர் மாமியாரைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் குழப்பத்தோடு திரும்ப அழைத்தார். "திறந்தீங்களான்னு கேட்டேன்பா. 'திறந்தேன் மாப்ள. என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்'னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. உள்ள என்னதான் வச்சிருந்தீங்க?"

என் காரில் மூவரும் கிளம்பினோம். விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் வண்டிகள் நெடுஞ்சாலையை அடைத்திருந்தன. வீட்டுக்காரர் பின்னால், மடியில் நெய் உருண்டை டின்னோடு. அக்கா வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வெயில்ல வச்சிருக்க மாட்டாங்கல்ல?"

செராஸ் வீட்டின் முன் ஒரு வாடகைக் கார் பின்கதவு திறந்து நின்றது. உள்ளே மூடியில்லாத ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியில் முக்கால் பங்கு தண்ணீர், மூன்று எலுமிச்சம்பழம், ஒரு கொத்து வேப்பிலை. அடியில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கிளம்பத் தயாராக, கைப்பையுடன்.

அக்கா நேராகப் போய் வாளிக்குள் கைவிட்டார்.

"தொடாதம்மா!" என்று அந்த அம்மா அலறினார். "பூசாரி சொல்லி மூணு நாள் உப்புத் தண்ணியில போட்டு வச்சிருக்கேன். இப்ப கடல்ல விடப் போறோம். உனக்கு ஏதாச்சும் ஆயிரும்!"

"உப்புத் தண்ணியா?" என்றார் அக்கா. உப்புநீர் உள்ளே போயிருந்தால் அந்தப் பம்ப் வெறும் இரும்பு.

மஞ்சள் துணியை உரித்தார். உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, இரண்டும் வாய் மடித்து ஒட்டியவை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். வாடகைக் கார் ஓட்டுநர் உட்பட ஐந்து பேரும் அந்தப் பையைப் பார்த்தோம்.

"உள்ள போகல" என்றார் அக்கா.

"என்னம்மா அது?"

"பிரேக் பம்ப் ஆன்ட்டி. ஸ்கூல் பிள்ளைங்க போற வேனுக்கு."

"அப்ப குங்குமம்?"

"ஆயுத பூஜைக்கு வச்சது."

"வெள்ளப் பொடி பொட்டலமெல்லாம் இருந்துச்சே?"

"ஈரம் உறிஞ்சறதுக்கு."

"நம்பரா எழுதி ஒரு சீட்டு?"

"அது பம்போட நம்பர் ஆன்ட்டி."

"பிரிக்காதேன்னு எழுதியிருந்துச்சு."

"பிரிச்சீங்களா?"

"துணிய மட்டும் விலக்கிப் பாத்தேன். அந்தச் சீட்டப் பாத்ததும் பயந்து மறுபடி கட்டிட்டேன்."

அக்கா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் ஆன்ட்டி."

அந்த அம்மா வாளியைப் பார்த்தார். "மூணு நாளா மாப்பிள்ளையத் திட்டித் தீத்துட்டேனே."

"அதுக்கு வேற காரணம் ஒண்ணு பாத்துக்கலாம் ஆன்ட்டி" என்று வீட்டுக்காரர் நெய் உருண்டை டின்னை நீட்டினார். குரல் திரும்பியிருந்தது. அந்த அம்மா முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். ஆனாலும் டின்னைத் தானே திறக்கவில்லை. "நீங்களே திறங்க" என்றார்.

"அப்ப கடலுக்குப் போறமா இல்லையா?" என்றார் ஓட்டுநர்.

"சொன்னது சொன்னதுதான், போவோம்" என்று அந்த அம்மா உள்ளே திரும்பிப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார். நாங்கள் கிளம்பும்போது நான்கு பிள்ளைகள் அந்தக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாளியில் எலுமிச்சம்பழத்துக்குப் பதில் விளையாட்டுக் கரண்டிகள்.

செவ்வாய்க்கிழமை பதின்மூன்று பிள்ளைகளையும் வீட்டுக்காரர் தன் காரில் நான்கு நடையாகக் கொண்டுபோனார். கடைசி நடைப் பிள்ளைகள் மணியடித்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்ட ஆசிரியையிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் செய்வினைக் கதையைச் சொன்னார்களாம். மதியம் போமன் வந்தார். அக்கா வாசலில் சுத்தமான துணி விரித்து, கை கழுவிக்கொண்டு, பைகளை வெட்டினார். எண்ணெய்த்தாள் உலர்ந்திருந்தது. துளைகளின் அடைப்பான்கள் வைத்த இடத்தில் இருந்தன.

"புதுசு மாதிரி இருக்குக்கா, மாட்டிரவா?"

"கழட்டி ரப்பரப் பாரு. ஒம்பது வருசம் வச்சிருந்தேன்ங்கிறதுக்காகப் போடக்கூடாது. கெட்டுப்போயிருந்தா கெட்டுப்போச்சுன்னு சொல்லு. தூக்கிப் போட்டுட்டு வேற வழி பாக்கறேன்."

போமன் கழற்றினார். ஒவ்வொரு ரப்பரையும் விரல்களுக்கிடையே அழுத்தினார், வளைத்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்காரர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெத்துன்னு இருக்குக்கா. ஒரு வெடிப்பு இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"என் பிள்ளையும் உங்க வேன்லதான் வருது."

மாட்டினார்கள். மிதி பாதியிலேயே நின்று கெட்டியாக எதிர்த்தது. அக்கா ஒரு நிமிடம் முழுவதும் அதை மிதித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கி வந்து, கழற்றிய பழைய பம்பைக் குப்பைத் தொட்டியில் போட்டார். வியாழக்கிழமை வேன் பரிசோதனையில் தேறியது. திரும்பி வரும்போது தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். வேறு எப்போதும் அவர் ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை.

அடுத்த வருடம் நான் செலாயாங்குக்கு மாறிவிட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வாரம் முன்பு அக்கா வீட்டிலிருந்து ஒரு சதுர டின் வரும். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா. கவிழ்த்தால் அடியில் அக்காவின் கையெழுத்து: "முறுக்கு. சுட்டது வீட்டுக்காரர். வெயில் படக்கூடாது. பிரிக்கலாம்."